மோட்டார் இல்லாத நீரூற்றுகள்: பீட்டர்ஹோஃப் நாட்குறிப்பு

ஞாயிறு

இரவு பதினொன்றே கால் ஆகிறது. இன்னும் விளக்குப் போடாமலே இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஜூன் மாதத்துச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருட்டு என்பதே பெயரளவுக்குத்தான். மாமா மட்டும் கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, வாய்க்கால் என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டு ஓய்வு பெற்றவர். "ரஷ்யாவில் பீட்டர்ஹோஃப்னு ஓர் அரண்மனை இருக்கு மாமா, நூற்றைம்பது நீரூற்று, ஒரு மோட்டார்கூடக் கிடையாது" என்று நான் சொன்னதும், "யாரு சொன்னா?" என்று கேட்டார். அவ்வளவுதான், டிக்கெட் போட்டாகிவிட்டது.

வர நினைப்பவர்களுக்கு இரண்டே குறிப்பு. இந்தியர்களுக்கு மின்விசா உண்டு, வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம். ஆனால் நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் எதுவும் 2022க்குப் பிறகு இங்கே வேலை செய்வதில்லை. டாலரோ யூரோவோ கையில் கொண்டுவந்து, ரூபிளாக மாற்றித்தான் செலவழிக்க வேண்டும். அதனால் மாமாவின் இடுப்பில் ஒரு பை நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

திங்கள்

பீட்டர்ஹோஃபின் பெரிய அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. பூங்காவுக்கு விடுமுறை இல்லை. எனவே இன்று தோட்டம், நாளை அரண்மனை என்று பிரித்துக்கொண்டோம்.

போவதற்குப் பல வழிகள். நாங்கள் மெட்ரோவில் அவ்தோவோ நிலையம் வரை போய் அங்கிருந்து பேருந்து பிடித்தோம். அவ்தோவோவுக்காகவே இந்த வழியில் போகலாம். 1955இல் திறந்த நிலையம். தூண்களில் பதினாறு முழுக்கக் கண்ணாடி உறை போட்டவை. தினசரி வேலைக்குப் போகிறவர்கள் அவற்றில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேருந்து பின்லாந்து வளைகுடாவின் தென்கரையை ஒட்டி மேற்கே போகிறது. வழியில் ஸ்த்ரேல்னா என்று ஓர் ஊர். இங்கும் ஓர் அரண்மனை இருக்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ரஷ்ய அரசர் மகா பீட்டர் 1717இல் பிரான்சுக்குப் போய் வெர்சாய், மார்லி அரண்மனைகள் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தார். அதைப் போல ஒன்று, முடிந்தால் அதைவிடப் பெரிதாக, தனக்கும் வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுத்த இடம் ஸ்த்ரேல்னாதான். நிலமட்டம் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நீரூற்று பீறிடும் அளவுக்கு அங்கே தண்ணீரை உயர்த்தி நிறுத்தினால் சுற்றுவட்டார நிலமெல்லாம் முழுகிப்போகும். அரசர் யோசித்தார், சில கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் பீட்டர்ஹோஃபுக்குப் போய்விட்டார். அரசனை நகர வைத்த லெவல் சர்வே என்று மாமாவுக்கு அந்த விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது.

கீழ்ப் பூங்கா நூறு ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். அரண்மனை ஒரு மேட்டின் விளிம்பில் நிற்கிறது. மேட்டுக்குப் பின்னால் மேல் தோட்டம், மேட்டுக்கு முன்னால் கீழே இறங்கிக் கடல் வரைக்கும் கீழ்ப் பூங்கா. சுமார் 16 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்தில்தான் பெரிய அருவிப்படி கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் படிகளில் தண்ணீர் விழுகிறது, நடுவில் ஒரு குகை, படியோரமெல்லாம் பொன்முலாம் பூசிய சிலைகள்.

காலை 11 மணிக்கு முன்னால் போய் நின்றுகொள்ளுங்கள். அருவிப்படியின் அடியிலிருந்து கடலுக்கு ஒரு கால்வாய் போகிறது. நாங்கள் போனபோது அதன் பாலத்தில் நிற்க இடமில்லை. சீனத்துச் சுற்றுலாக் குழுக்கள் நான்கைந்து, பள்ளிப் பிள்ளைகள், வீட்டோடு வந்த உள்ளூர்க்காரர்கள். மணி அடித்ததும் ஒலிபெருக்கியில் கம்பீரமாக இசை கிளம்பியது. முதலில் ஓரத்தில் இருந்த சின்னச் சின்ன வாய்களில் தண்ணீர் தயங்கித் தயங்கி எட்டிப்பார்த்தது. காற்றைத் துப்பிவிட்டு, கொஞ்சம் துருநிறத்தில் வந்து, அப்புறம் தெளிந்தது. படிகள் ஈரமாகி மினுங்கின. கடைசியில் நடுக்குளத்துச் சிங்கத்தின் வாயிலிருந்து ஒரே தாரை, 20 மீட்டருக்கு மேல். கூட்டம் மொத்தமும் "ஓ" என்றது. காற்று திரும்பியபோது எங்கள் சட்டையெல்லாம் பொடிச்சாரல்.

அந்தச் சிங்கத்தின் வாயைக் கையால் பிளந்துகொண்டு நிற்பவன் விவிலியத்துச் சிம்சோன், அதாவது சாம்சன். 1709இல் பொல்தாவாவில் ஸ்வீடன் படையைப் பீட்டர் முறியடித்த நாள் புனித சாம்சனின் திருநாள். அந்தப் புனிதர் வேறு ஆள், மருத்துவம் பார்த்தவர். இருந்தாலும் பெயர் ஒன்றாக இருக்கிறதே, ஸ்வீடனின் அரச முத்திரையில் சிங்கமும் இருக்கிறதே என்று, போரின் 25ஆம் ஆண்டையொட்டி 1735இல் இந்தச் சிற்பத்தை வைத்தார்கள். அரசியல் கேலிச்சித்திரத்தைப் பொன்முலாம் பூசி நட்டுவைத்தது மாதிரிதான்.

எல்லோரும் சாம்சனைப் படம் எடுக்க, மாமா மேட்டையும் தாரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடு பதினாறு மீட்டர்னு சொன்னே. தண்ணி இருபதுக்கு மேல போகுது. கணக்கு இடிக்குதே."

இடிக்கத்தான் செய்கிறது. சாம்சனுக்கு மேல் தோட்டத்துக் குளத்திலிருந்து தண்ணீர் வருவதில்லை. இன்னும் தெற்கே, இன்னும் உயரமான இடத்தில், அவன் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. அங்கிருந்து தனிக்குழாய். நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னதும், "அப்ப அதைப் பார்க்கணும்" என்றார். புதன்கிழமைக்குப் போட்டுவைத்திருந்த நகரச் சுற்றுப்பயணம் அந்த இடத்திலேயே ரத்து.

மதியத்துக்கு மேல் குறும்பு நீரூற்றுகள் பக்கம் போனோம். மோன்ப்லெசீர் மாளிகையின் தோட்டத்தில் இரண்டு பெஞ்சுகள், எதிரே தரையில் கூழாங்கற்கள் பதித்திருக்கும். பார்த்தால் சாதாரண இருக்கை. உட்காரப் போனால் கூழாங்கற்களுக்கு இடையிலிருந்து குபுக்கென்று தண்ணீர் கிளம்பி நனைத்துவிடும். குழந்தைகள் ஒரு கல்லை மிதிக்கிறார்கள், தண்ணீர் வருகிறது. அதே கல்லை மறுபடி மிதித்தால் வரவில்லை. எந்தக் கல் என்று ஆராய்ச்சி செய்துகொண்டு ஒரு பையன் முழங்கால்வரை ஈரத்தோடு ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தான். கல்லில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் செடிமறைவில் ஒரு சிறு அறை, அதற்குள் ஓர் ஊழியர், அவர் கையில் திருகு. ஆள் பார்த்துத் திறக்கிறார். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெரிய மனிதர் உட்காரும்வரை பொறுமையாகக் காத்திருந்து திறந்தாரே, அந்த வேலையை ரசித்துச் செய்கிறவர் அவர்.

குடை நீரூற்றும் அப்படித்தான். உள்ளே போய் நின்றால் கூரை விளிம்பைச் சுற்றித் தண்ணீர்த் திரை விழுந்து வெளியே வரவிடாது. இன்னொன்று, ஒரு நாய் நான்கு வாத்துகளைத் துரத்திக்கொண்டு குளத்துக்குள் வட்டமடிக்கும் சிற்பம். சுற்றவைப்பதும் தண்ணீர்தான். மாமா அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்.

பிரமிட் என்று ஒன்று, 505 தாரைகள் ஏழு அடுக்காக ஏறி ஒரே கூம்பாக நிற்கும். கொஞ்சம் ஒதுக்குப்புறம், கூட்டம் குறைவு. எனக்குச் சாம்சனைவிட இதுதான் பிடித்தது.

செவ்வாய்

இன்று அரண்மனை. நேரம் குறித்த சீட்டு, காலணிக்கு மேல் உறை, பை எல்லாம் வெளியே. உள்ளே தனித்தனியாகச் சுற்ற முடியாது, கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எனக்கு இந்த மாதிரி ஓட்டம் ஆகாது. ஓர் அறையில் கண் பழகுவதற்குள் அடுத்த அறைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

பீட்டர் கட்டியது சின்ன வீடு. அவர் மகள் எலிசபெத் ஆட்சியில் 1745இலிருந்து 1755 வரை இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரஸ்த்ரெல்லி அதை இரண்டு பக்கமும் நீட்டி இப்போதுள்ள உருவுக்குக் கொண்டுவந்தார். நடன மண்டபத்தில் மரச்செதுக்குகளெல்லாம் பொன்முலாம். ஜன்னல் இல்லாத இடத்திலும் ஜன்னல் அளவுக்குக் கண்ணாடி. அதை முடித்து வந்தால், பீட்டரின் பழைய ஓக் மரப் பலகை அறை. செதுக்கு வேலை உண்டு, பொன் இல்லை. அப்பாவின் அறையில் நின்றுவிட்டு மகளின் மண்டபத்தை எட்டிப்பார்த்தால் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருக்கிறது.

ஓவிய மண்டபத்தில் சுவரே தெரியாது. இத்தாலிய ஓவியர் பியெத்ரோ ரோத்தாரி வரைந்த 368 முகங்கள், இடைவெளியே விடாமல் ஒட்டி ஒட்டி மாட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் தூங்குகிறார்கள், ஒருத்தி விசிறிக்குப் பின்னாலிருந்து பார்க்கிறாள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அழகு. எல்லாமாகச் சேர்ந்து நம்மைப் பார்க்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இந்த அரண்மனையில் ஒரே ஓர் அறையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றால் நான் செஸ்மே மண்டபத்தைச் சொல்வேன். 1770இல் செஸ்மே விரிகுடாவில் துருக்கிக் கடற்படையை ரஷ்யா எரித்தது. அந்தப் போரைப் பற்றி யாக்கோப் பிலிப் ஹக்கெர்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் வரைந்த 12 படங்கள் இங்கே மாட்டியிருக்கின்றன. முதலில் வரைந்ததைப் பார்த்த தளபதி அலெக்ஸி ஓர்லோவுக்கு ஒரு குறை: கப்பல் வெடிப்பது தத்ரூபமாக இல்லை. ஹக்கெர்ட் பாவம், கப்பல் வெடித்துப் பார்த்தவரில்லை. அதற்கென்ன என்று 1772இல் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு வெளியே ஒரு பழைய போர்க்கப்பலை நிறுத்தி, வெடிமருந்து நிரப்பி, ஓவியர் பார்க்க வெடித்துக் காட்டினார் ஓர்லோவ். ஒரு படத்தைத் திருத்த ஒரு கப்பல். இப்போது படத்தில் பலகைகள் காற்றில் பறப்பதும், நெருப்பின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு எரிவதும் பார்த்தால் செலவு வீண் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஓர்லோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மோன்ப்லெசீருக்குப் போனபோது மறுபடி வந்துவிட்டார்.

மோன்ப்லெசீர் கடலை ஒட்டி, செங்கல்லில், ஒரே மாடி. பீட்டருக்கு மிகவும் பிடித்த வீடு. வாசலில் நின்றால் வளைகுடாவின் நடுவே க்ரோன்ஷ்டாட் கோட்டைத் தீவு தெரிகிறது. தன் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றுதான் இங்கே கட்டிக்கொண்டார். சமையலறைச் சுவரில் டச்சு நாட்டு நீல ஓடுகள். பீட்டர்ஹோஃபுக்கு வரும் விருந்தாளிகளுக்கு அவர் எழுதிய விதிமுறைகளில் ஒன்று, காலணியைக் கழற்றாமல் கட்டிலில் படுக்கக் கூடாது. அப்படியென்றால் அதற்கு முன்னால் படுத்திருக்கிறார்கள்.

இதே வீட்டில்தான் 1718இல் தன் மகன் அலெக்ஸியை உட்காரவைத்து விசாரித்தார். மகன் வெளிநாடு ஓடிப்போய்த் திரும்பக் கொண்டுவரப்பட்டவன். சில வாரங்களில் கோட்டைச் சிறையில் இறந்துபோனான். அந்த நீல ஓட்டுச் சமையலறைக்கும் விசாரணைக்கும் நடுவே சில அடிகள்தான்.

நாற்பத்து நான்கு வருஷம் கழித்து, 1762 ஜூன் 28 விடியற்காலை, இங்கே பக்கத்துக் கட்டடத்தில் தங்கியிருந்த கத்தரீன் மகாராணியை ஒருவர் வந்து எழுப்பினார். எழுப்பியவர் அலெக்ஸி ஓர்லோவ். அவள் கிளம்பிப் பீட்டர்ஸ்பர்க் போய் அங்கே படை தன்னை அரசியாக ஏற்கச் செய்துவிட்டாள். அவளுடைய கணவர் மூன்றாம் பீட்டர் தன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் விருந்துக்கு இங்கே வந்து பார்த்தால் மனைவியைக் காணோம். விழாவுக்கு அவள் அணிய வேண்டிய உடை மட்டும் கிடந்தது. அவரை ரோப்ஷா என்ற ஊருக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். ஒரு வாரத்தில் அங்கேயே கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை ராணிக்குக் கடிதமாக எழுதியவரும் ஓர்லோவ்தான் என்கிறார்கள். எட்டு வருஷத்தில் செஸ்மே, பத்து வருஷத்தில் லிவோர்னோவில் கப்பல்.

நாளைக்கு நாங்கள் போகப் போவதும் ரோப்ஷாதான். அரசர் செத்த கதைக்காக இல்லை. இந்தத் தண்ணீர் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் சிர்னிகி, அதாவது பாலாடைக்கட்டியைப் பிசைந்து தட்டிச் சுட்ட அடை, புளித்த பாலேடு தொட்டுக்கொள்ள. மதியம் கிரேச்கா, குருணைச் சோறு மாதிரி. மாமா ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்துவிட்டார்.

புதன்

டாக்சிக்காரருக்கு நாங்கள் எதற்குப் போகிறோம் என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. போனில் மொழிபெயர்ப்புச் செயலி. "ரோப்ஷாவில் பார்க்க ஒன்றும் இல்லை. மீன் வாங்கவா?" என்று கேட்டார். அங்கே மீன்வளர்ப்புப் பண்ணை பெயர் பெற்றது. தண்ணீர் பார்க்க என்றதும் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பீட்டர்ஹோஃபிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாலை மெல்ல மெல்ல ஏறுகிறது, காரில் இருந்தால் தெரியாத ஏற்றம். அங்கே இஷோரா மேடு என்ற சுண்ணாம்புக்கல் பூமி. மழையும் பனியும் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, மேட்டின் வடக்கு விளிம்பில் ஊற்றுகளாக வெளியே வருகின்றன. பனி உருகினாலும் கோடை காய்ந்தாலும் ஊற்று நிற்பதில்லை.

முதலில் பார்த்தது சாலையோரத்து ஊற்றுக்கண் ஒன்று. ஒரு சின்னக் குட்டை, ஆழம் முழங்காலுக்கு வராது. தரை வெண்மணல். அந்த மணலில் அங்கங்கே ஒரு கைப்பிடி அளவுக்கு மேலே எழும்பி, சுழன்று, உட்கார்ந்து, மறுபடி எழும்புகிறது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் அப்படி. சத்தமே இல்லை. உள்ளூர்ப் பாட்டி ஒருவர் கேன்களில் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா கைவிட்டுப் பார்த்தார், விரல் மரத்துப்போகும் குளிர். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் இருக்கு, சுண்ணாம்புத் தண்ணி. குழாயில படிஞ்சிருக்கும்" என்றார்.

இந்த ஊற்றுகளைப் பிடித்துப் பீட்டர்ஹோஃபுக்குக் கொண்டுபோனவர் வசீலி துவொல்கோவ். பீட்டர் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்த பொறியாளர். கால்வாயை வெட்டியவர்கள் சிப்பாய்களும் குடியானவர்களும். 1721 ஆகஸ்டில் கடைசி மண்ணணையைப் பீட்டரே மண்வெட்டி எடுத்து வெட்டித் திறந்தார். இரவெல்லாம் ஓடித் தண்ணீர் மறுநாள் காலை பீட்டர்ஹோஃபுக்கு வந்து சேர்ந்தது. பிரான்சில் பதினாலாம் லூயிக்கு இந்த வசதி இல்லை. செய்ன் ஆற்றில் 14 ராட்சதச் சக்கரங்களையும் இருநூறுக்கு மேற்பட்ட பம்புகளையும் வைத்துத் தண்ணீரை மேட்டுக்கு இறைத்தார்கள். அப்படியும் வெர்சாய் நீரூற்றுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டத் தண்ணீர் போதவில்லை. அரசர் நடந்து வரும்போது முன்னால் இருப்பதைத் திறந்து பின்னால் இருப்பதை அடைத்தார்கள். பீட்டர்ஹோஃபில் காலையில் திறந்து மாலையில் மூடுவதோடு சரி. இரவில் குளங்கள் நிறைந்துகொள்ளும்.

கால்வாயைத் தேடித் திரும்பும் வழியில் மூன்று நான்கு இடத்தில் இறங்கினோம். படமெடுக்க ஒன்றுமே இல்லை. கரையில் வில்லோ மரங்கள், நாணல், நான்கைந்து மீட்டர் அகலத்தில் பழுப்புத் தண்ணீர். அதில் ஓர் இலை போகும் வேகத்தை வைத்துத்தான் ஓடுகிறது என்றே தெரிகிறது. ஓரிடத்தில் மதகு. பலகை போட்டுத் தடுக்கிற பழைய முறை, பலகையைத் தூக்க இரும்புத் திருகு, திருகில் புதிதாகப் பூசிய மசகு. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாமாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு ஏரி நிறைந்து கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போவதைப் போலத்தான் இங்கேயும், குளத்துக்குப் பின் குளமாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் தாழ்வாக. "மசகு பூசியிருக்கான் பாரு. முந்நூறு வருஷமா எவனோ ஒருத்தன் பூசிக்கிட்டே இருந்திருக்கான்."

அதைச் சொல்லிவிட்டு, தான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மதகுக்கு மசகு வாங்க எத்தனை கடிதம் எழுதினார் என்று பீட்டர்ஹோஃப் வரும்வரை சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

சாம்சன் குளத்தை மாலையில் பார்த்தோம். அரண்மனைக்குத் தெற்கே, லுகவோய் பூங்காவுக்குள். மீன் பிடிப்பவர்கள் இரண்டு பேர், பிள்ளை வண்டியோடு ஓர் அம்மா. கீழே சிங்கத்தின் வாயில் வெடிக்கிற அழுத்தம் முழுக்க இந்தக் குளத்தின் உயரம்தான். கரையில் நின்று பார்த்தால் அலைகூட இல்லை.

ரோப்ஷா மாளிகை பற்றிக் கேட்பவர்களுக்கு: பல காலம் இடிந்து கிடந்த கட்டடம், வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தோம், அவ்வளவுதான்.

வியாழன்

மறுபடி பூங்கா. இந்த முறை கூட்டம் வராத மேற்குப் பக்கம்.

எர்மிதாஜ் என்று கடலோரம் ஒரு சின்ன மாடிக்கட்டடம், சுற்றிலும் அகழி. வேலைக்காரர்கள் கண்ணிலேயே படாமல் சாப்பிட வேண்டும் என்று கட்டியது. மேல்மாடியில் 14 பேருக்கான மேசை. தட்டில் என்ன வேண்டும் என்று சீட்டு எழுதி வைத்து மணி அடித்தால், மேசையின் நடுப்பகுதி கீழே சமையலறைக்கு இறங்கி உணவோடு ஏறி வரும். முதலில் விருந்தாளிகளும் இழுவை நாற்காலியில்தான் மேலே போனார்கள். 1797இல் கத்தரீனின் மகன் பால் (Paul) அரசர் போகும்போது கயிறு அறுந்து நடுவில் தொங்கிவிட்டாராம். அதற்குப் பிறகு படிக்கட்டு வைத்தார்கள். சமையலறையில் நின்று கயிறு இழுத்தவர்களுக்கு மேலே யார் என்ன பேசினார்கள் என்று கேட்டிருக்காதா என்ன?

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை பீட்டர்ஹோஃபைப் பிடித்தது. அக்டோபர் மாதம் க்ரோன்ஷ்டாட்டிலிருந்து சில நூறு மாலுமிகள் இரவில் இந்தக் கரையில் இறங்கி, மரங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் நடுவில் சண்டை போட்டு, ஏறக்குறைய அத்தனை பேரும் மாண்டார்கள். 1944 ஜனவரியில் ஊர் மீட்கப்பட்டபோது அரண்மனை கூரையில்லாத வெறும் சுவர். கழற்றக்கூடியவற்றை முன்னாலேயே வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள், பல சிலைகளை மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். சாம்சன் பெரியவன், நகர்த்த முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

நேற்று முன்தினம் கொட்டிக்கிடந்த பொன்னைப் பார்த்தபோது, இது எல்லாம் திரும்பச் செய்தது என்பது எங்கேயோ பின்மனதில்தான் இருந்தது. இன்று பூங்காவில் வைத்திருக்கும் பழைய புகைப்படங்களைப் பார்த்தபோது நேராக வந்து உட்கார்ந்தது. சிற்பி வசீலி சீமொனோவ் பழைய படங்களை வைத்துக்கொண்டு சாம்சனை மறுபடி வடித்தார். 1947இல் புதுச் சாம்சனை லாரியில் ஏற்றி, பீட்டர்ஸ்பர்க் நகரத்து நெவ்ஸ்கி சாலை வழியாகக் கொண்டுவந்தார்கள். சில வருஷத்துக்கு முன் ஜெர்மன் படையின் முற்றுகையில் பட்டினியால் லட்சக்கணக்கானவர்களைப் பறிகொடுத்த ஊர். சாப்பாட்டுக்கே பங்கீட்டு அட்டை வைத்திருந்தவர்கள் ஒரு நீரூற்றுச் சிலைக்காகச் சாலையில் நின்று பார்த்தார்கள். நீரூற்றுகள் 1946லேயே ஓடத் தொடங்கிவிட்டன. அரண்மனையின் முதல் மண்டபங்கள் திறக்க 1964 ஆனது. மேலே எல்லாம் எரிந்தபோதும் ரோப்ஷா மேடு எங்கேயும் போய்விடவில்லை, கால்வாயையும் குழாயையும் சரிசெய்தால் தண்ணீர் தானே வந்துவிடும் என்பது மாமாவின் விளக்கம். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

மேல் தோட்டத்துக்குக் கடைசியில் போனோம். கீழ்ப் பூங்கா போல இங்கே சீட்டு வேண்டாம். கத்தரித்த லிண்டன் மரங்கள் வரிசையாக, உள்ளூர்க்காரர்கள் நாயோடு நடை. இங்குள்ள குளங்கள் அலங்காரம் மட்டுமில்லை, கீழே ஓடும் நீரூற்றுகளுக்குத் தொட்டியும் அவைதான். நடுவில் நெப்டியூன் நிற்கிறார். அவர் கதை கேளுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில், முப்பதாண்டுப் போர் முடிந்ததைக் கொண்டாடச் செய்த சிற்பத்தொகுதி. அந்த ஊரில் அதை ஓட்டத் தண்ணீர் போதவில்லை, கிடங்கில் கிடந்தது. பிற்பாடு பால் அரசராகப் போகிற இளவரசர் ஐரோப்பா சுற்றும்போது விலைக்கு வாங்கினார். 1799இல் இங்கே நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கழற்றி மறுபடி நியூரம்பெர்க்குக்கே கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் அங்கே தேடிக் கண்டுபிடித்து 1947இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இப்போது நியூரம்பெர்க்கில் இருப்பது நகல். அசல் தண்ணீர் உள்ள ஊரில்.

திரும்பும்போது மெட்டியோர் என்ற விரைவுப் படகு. கால்வாய் முகத்தில் ஏறினால் நகரத்தின் நடுவில் நேவா ஆற்றங்கரையில் இறக்கிவிடும். முக்கால் மணி நேரம்கூட ஆகாது, பேருந்தைவிடக் கட்டணம் பல மடங்கு. பீட்டர் காலத்தில் விருந்தாளிகள் கடலில் வந்து இந்தக் கால்வாய்க்குள் படகிலேயே அரண்மனை அடிவரை போனார்கள். அதனால் படகை வரும்போது எடுங்கள், திரும்பும்போது பேருந்தில் போங்கள். முதலில் கடலிலிருந்து பார்க்க வேண்டிய இடம் இது.

ஒருநாள்தான் கையில் இருக்கிறது என்றால் பெரிய அரண்மனையை விட்டுவிட்டுத் தோட்டத்திலேயே இருங்கள். மோன்ப்லெசீருக்குள் மட்டும் கட்டாயம் போங்கள். அக்டோபரோடு நீரூற்றுகளை மூடிச் சிலைகளுக்குப் பெட்டி போட்டுவிடுவார்கள், ஏப்ரல் கடைசி வரை ஒன்றும் ஓடாது. மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும், பெஞ்சுப் பக்கம் போகாமல் யாராலும் இருக்க முடியாது. செயலி வழியாக டாக்சி கூப்பிட்டால் பணமாகக் கொடுக்கும் வசதி உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நாளை நகரத்து அருங்காட்சியகம். மாமா வரவில்லையாம். ரோப்ஷா டாக்சிக்காரரிடம் எண் வாங்கி வைத்திருக்கிறார், மதகை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.